ஒரே பெஞ்சில் நேர்ந்த இரண்டு துலாபாரம்

களியக்காவிளையைத் தாண்டினால் வெளிநாடு என்பது என் மனைவியின் கட்சி. "பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டுத்தான் மதுரையில் என்னை ரயிலேற்றினாள். நான் பிறந்தது நாகர்கோயில் பக்கம். ஆனால் இத்தனை வருடம் மதுரைத் தண்ணீர் குடித்ததில் பேச்சும் போய், வழியும் மறந்து, அந்தக் கேரள எல்லையில் இறங்கினால் அசலூர்க்காரன் மாதிரிதான் முழிக்கிறேன்.

எல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடைப்பலகைகளில் எழுத்து இன்னும் கொஞ்சம் உருண்டுகொள்கிறது, அவ்வளவுதான். நான் ஏறிய பேருந்தில் நடத்துநர் மலையாளத்தில் திட்டினார். ஒரு பெண்மணி தமிழில் பதிலுக்குத் திட்டினார். வேறு வேறு மொழியில் சண்டை போடுகிறோம் என்பது இரண்டு பேருக்குமே உறைத்ததாகத் தெரியவில்லை. விஷயம் சில்லறை. பாறசாலையில் அந்த அம்மாள் இறங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். மதுரையாக இருந்தால் பேருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போயிருக்கும்.

என்னை வரவழைத்தவள் என் அக்கா செண்பகம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தது. அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் அவளும் அவள் மகன் அருணும் மட்டும். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, நலமா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"எலே, நீ காலேஜில சாமியப் பத்தித்தானே படிச்சுக் கொடுக்க? அதுக்கு மாசாமாசம் சம்பளமும் வாங்குகதானே? இஞ்ச வந்து எனக்க மவன்கிட்ட ரெண்டு வார்த்த சொல்லு."

அவள் சொன்னது சரிதான். நான் கல்லூரியில் நடத்துவது சமயத் தத்துவம். கடவுள் உண்டு என்பதற்கான வாதங்கள், பத்து மதிப்பெண். கடவுள் நல்லவர் என்றால் உலகில் தீமை எப்படி வந்தது, ஐந்து மதிப்பெண். இந்த ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பையன்கள் பெரும்பாலும் சாய்ஸில் விட்டுவிடுவார்கள். நான் நம்புகிறவனா என்று கேட்டால், நம்புகிறவன்தான். விடைத்தாள் திருத்துகிற மாதத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன்.

அருணும் அவன் சிநேகிதன் விஷ்ணுவும் சேர்ந்து பந்தல், சவுண்ட் சர்வீஸ் நடத்திவந்தார்கள். சென்ற ஆண்டு ஒரு கோயில் விழாவுக்கு மைக் கட்டிவிட்டு இருவரும் பைக்கில் திரும்பும்போது லாரியில் மோதினார்கள். இரண்டு பேரையும் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரே பெஞ்சில் இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பிழைத்து வந்தால் எடைக்கு எடை கதலிப்பழம் துலாபாரம் தருகிறேன் என்று ஊர் அம்மனுக்கு இருவரும் கைகோத்து, ஒரே வாய்ச்சொல்லாக நேர்ந்தார்கள். அருண் காலில் கம்பியோடு வீடு வந்தான். விஷ்ணு வரவில்லை.

இப்போது அருண் தராசில் உட்கார மாட்டேன் என்கிறான். சனிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். நேர்ந்ததைச் செலுத்தாமல் பிள்ளை கடல் தாண்டினால் கொடுத்த உயிரை அம்மன் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்பது அக்காவின் பயம். அதற்குள் அவனை உட்காரவைப்பது என் பொறுப்பு. உட்காரவைத்துவிட்டுத்தான் மதுரை திரும்புவது என்று நானும் தீர்மானித்துக்கொண்டேன். இத்தனை வருடம் நடத்திய பாடத்துக்கு ஒரு தடவையாவது பயன் இருக்க வேண்டாமா?

திங்கட்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் குடிக்க இளஞ்சிவப்பாக வெந்நீர் தந்தாள் அக்கா. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது. தண்ணீரைக்கூட இவர்கள் சும்மா குடிப்பதில்லை. பிறகு ரசவடை வந்தது. நம் ஊரில் வடையை ரசத்தில் போட்டால் அது மீந்த வடை என்று பொருள். இங்கே அதற்கென்றே கடையில் ஆள் நிற்கிறது. நான் மூன்று தின்றேன்.

இரவுச் சாப்பாட்டில்தான் கவனித்தேன். எனக்கும் அருணுக்கும் குண்டரிசிச் சோறும் தீயலும் பரிமாறினவள், தனக்கு ஒரு தட்டு நிறைய மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துலாபாரம் முடியும்வரை நெல் ஆகாரம் தொடுவதில்லை என்று அதையும் சேர்த்து நேர்ந்திருக்கிறாள். மாதக்கணக்காக மூன்று வேளையும் கிழங்கு. அவளுக்கோ சர்க்கரை நோய். முகம் வற்றி, வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது.

"அக்கா, சர்க்கரைக்குச் சோற்றைவிட மரச்சீனிதான் விஷம். டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாரு. நெல்லு ஆகாரம் வேண்டாம்னாக்கும் நேந்தது. மரச்சீனி நெல்லா? நீதான் சொல்லு, படிச்சவனாச்சே."

எனக்கு வந்த கோபத்தில் நான்காவது வடையையும் தின்றுவிட்டேன். அருண் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

செவ்வாய்க்கிழமை காலை புட்டும் பயறும் பப்படமும். அதை எந்த வரிசையில் எதோடு எதைச் சேர்த்துப் பிசைவது என்று தெரியாமல் நான் திண்டாடியதை வேலைக்கு வந்த பெண் பார்த்துச் சிரித்தாள். கை கழுவிக்கொண்டு வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போனேன். பந்தல் கம்பிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் விற்றுவிடத் தயாராக அடுக்கியிருந்தன. அருண் ஒரு பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதல் வாதத்தை எடுத்து விட்டேன். பானை இருந்தால் குயவன் ஒருவன் இருந்தாக வேண்டும்; உலகம் இருந்தால்...

"மாமா," என்று அவன் குறுக்கிட்டான். "அம்மன் இல்லேன்னு நான் சொல்லல்ல. உண்டெங்கில் அவ செய்தது சரியில்லேன்னாக்கும் சொல்லுகேன்."

என் பாடத்திட்டத்தில் பாதி அந்த இடத்திலேயே உபயோகமில்லாமல் போயிற்று. பத்து மதிப்பெண் கேள்வியை அவன் கையால் தள்ளிவிட்டு நேரே ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்துவிட்டான்.

"ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பெஞ்சு, ரெண்டு அம்மைமாரு. ஒரே வாயாட்டு நேந்தாவ. அதே கோயிலு, அதே பழம். எனக்க அம்மைக்க பேச்சு கேட்டுது, லலிதாம்மைக்க பேச்சு கேக்கல்ல. என்னத்துக்கு? ஒரு காரணம் சொல்லும் மாமா. இப்பமே போயி ஏறி இருக்கேன்."

லலிதா என்பது விஷ்ணுவின் அம்மா. நான் முன்வினை என்றேன். நினைவில்லாத குற்றத்துக்கு அடி வாங்குகிறவன் எதைத் திருத்திக்கொள்வான் என்று கேட்டான். அம்மன் கணக்கு நம் புத்திக்கு எட்டாது என்றேன். "எட்டாதெங்கில் என்னைக் காப்பாத்தினது அவதான்னு மட்டும் எப்பிடி எட்டிச்சு?" என்றான். ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். விடைத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அக்கா மகனாகப் போய்விட்டதால் கோபம்தான் வந்தது.

"இந்தத் தாலூக்கில எல்லா சாமிக்கும் மைக் கட்டினது நானும் விஷ்ணுவுமாக்கும் மாமா. கோயிலு, பள்ளிவாசலு, சர்ச்சு ஒண்ணு விடல்ல. எல்லாரும் அங்கோட்டு பேசுகாவ. இங்கோட்டு ஒருத்தரும் பேசினது நான் கேக்கல்ல."

கடைசியாக, எல்லாப் பேச்சும் தோற்ற இடத்தில் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். காரணம் கிடக்கட்டும், அம்மாவுக்காக ஏறி உட்காரு, உனக்கு என்ன நஷ்டம்?

அவன் துணியைக் கீழே போட்டான். "லலிதாம்மைக்க வீடு கோயிலுக்க முன்னாலயாக்கும். நான் ஏறி இருந்தா வெடி போடுவாவ, நாதஸ்வரம் ஊதுவாவ. அவ வாசல்ல நின்னு பாப்பா. என்னால முடியாது மாமா. அம்மை சாப்பிடாம கெடக்கது எனக்கும் பொறுக்கல்ல. ஆனாலும் முடியாது."

 அதுவரை எனக்குத் தத்துவமாகத் தெரிந்தது அப்போதுதான் ஒரு வீட்டு வாசலாகத் தெரிந்தது.

புதன்கிழமை அக்கா என்னைக் காட்டாக்கடைச் சந்தைக்கு அனுப்பினாள். "அவன் ஏறி இருப்பான். நீ பழம் எடுத்து வை," என்றாள். அருண் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க, அவள் பழத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டே இருந்தாள். இந்தக் குடும்பத்தில் பிடிவாதம் பொதுச்சொத்து.

பேருந்தில் ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது சுற்றிலும் ரப்பர் மரமும் தூரத்தில் மலையுமாக இருந்தது. காட்டாக்கடையைத் தாண்டி, அணைக்கட்டுப் பக்கம் கள்ளிக்காட்டில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். எழுப்பியிருக்கக்கூடாதா என்று நடத்துநரிடம் கேட்டேன். சார் இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று விட்டுவிட்டேன் என்றார். நல்ல மனிதர்தான். என்ன செய்ய!

திரும்பும் பேருந்துக்குக் காத்திருந்த டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் மலையாளத்தில் சச்சரவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்த மட்டில் விவாதம் இதுதான். மழையைத் தருவது தெய்வம், அணையின் ஷட்டரைத் திறப்பது எஞ்சினீயர்; ஆற்றில் வெள்ளம் வந்து வாழை போனால் யாரைத் திட்டுவது? ஒருவர் தெய்வத்தைத்தான் திட்ட வேண்டும் என்றார், ஏனென்றால் எஞ்சினீயருக்கு மாறுதல் ஆகிவிடும். மற்றவர் அதை ஒப்புக்கொள்ளாமல் பழம்பொரியை உள்ளே தள்ளினார். நானும் ஒன்று வாங்கித் தின்றேன். சாயங்காலம் கதலிக்குலைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குலைகளைச் சாப்பாட்டறையில் சாக்கு விரித்துப் பரப்பினோம். வீடு முழுக்கப் பழ வாசனை ஏறிக்கொண்டது.

வியாழக்கிழமை நான் தனியாக லலிதா வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. சாவு வீட்டில் தலை காட்டிவிட்டு வந்ததிலிருந்து அவள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கோயிலுக்குப் போனாலும் வயல் வழியாகச் சுற்றித்தான் போகிறாள். பிழைத்தவனின் தாய் எந்த முகத்தோடு போவது என்று கேட்கிறாள்.  நான் போனது ஒரு உத்தரவு வாங்கத்தான். லலிதாவே "உட்காரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அருண் உட்காருவான் என்பது என் திட்டம்.

கதவைத் திறந்ததும் அதே பழ வாசனை.

கூடத்தில் வரிசையாகக் கதலிக்குலைகள் தொங்கின. லலிதா வில்லேஜ் ஆபீசில் வேலை பார்ப்பவள். அன்று லீவு போட்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு துலாபாரம் சாரே," என்றாள், நான் குலைகளைப் பார்ப்பதைப் பார்த்து. "போத்தி சம்மதிக்கல்ல. ஆளு இல்லாம எப்பிடி இருத்தும்னு கேக்காரு. நான் சொன்னேன், ஒரு தட்டுல பழம் வைக்கேன், மத்த தட்டு காலியா கெடக்கட்டும். அம்மனே பாக்கட்டும்."

போத்தி என்பது கோயில் பூசாரி.  பிள்ளை பிழைத்தால் தருகிறேன் என்றுதானே நேர்ந்தது, பிழைக்கவில்லையே, பிறகு எதற்கு, என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வாக்கு கொடுத்தது ரெண்டு பேராக்கும். எனக்க பங்க நான் முடிக்கணும். எனக்க பக்கத்தில பாக்கி வச்சுட்டு நான் அம்மன்கிட்ட எப்பிடி சார் சண்டைக்குப் போறது? கொடுத்து முடிச்ச பிறகு மூஞ்சிக்கு நேரா நின்னு கேப்பேன். இத்தர நாளு அதுக்காக்கும் உயிரோட கெடக்கேன்."

இத்தனை வருடத்தில் கடவுளின் மேல் வழக்குத் தொடுக்கிறவர்களை நான் புத்தகங்களில் நிறையச் சந்தித்திருக்கிறேன். நீதிமன்றத்துக்குப் போகும் முன் தன் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு போகிற ஆளை முதன்முறையாகப் பார்த்தேன். அக்காவின் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல், "அருண் உட்கார்ந்தால்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. "அவன் இந்த வழி வாறதே இல்லியே. எத்தர சோறு இந்த வீட்டில தின்ன பய. வரச் சொல்லும். வந்தா இருத்தலாம். ஆனா சாரே, எனக்க விஷ்ணுவுக்கு வேண்டியாக்கும் இருக்கணும். செண்பகத்துக்க நேர்ச்சைக்கு இல்ல."

திரும்பி வரும் வழியில் என்னை நானே திட்டிக்கொண்டேன். அக்கா காரியமாகப் போனவன் அடுத்தவள் தூதனாகத் திரும்பி வருகிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்தக் காலித் தட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

அருண், "நான் ஏறி இருக்கேன்," என்றான். யோசிக்கக்கூட இல்லை.

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எலே, உன்னை நான் இதுக்கா கூப்பிட்டேன்? உயிரோட இருக்கப்பட்ட பிள்ளய செத்தவன் எடத்தில கொண்டு இருத்துகதா? அது தோஷமாக்கும்! பெத்த வயிறு எனக்காக்கும் எரியுது, உனக்கா எரியுது?"

"அம்மே, விஷ்ணுவுக்க எடத்தில நான் எத்தர தடவ இருந்திருக்கேன். அவன் எனக்க எடத்தில இருந்திருக்கான். அன்னைக்கு வண்டி நான் எடுக்க வேண்டியதாக்கும். கால் வலிக்குன்னு சொன்னேன், அவன் எடுத்தான்."

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நானும் அருணும் சாப்பிடாமலே எழுந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ வந்தபோது அக்கா குளித்து, செட்டுமுண்டு உடுத்து, தன் பழம் முழுவதையும் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளுக்குள்ளது முடிஞ்ச பிறகு எனக்க பிள்ள எனக்கும் ஒரு தடவ இருப்பான்," என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். அந்த மனிதர், "இருப்பாரு அம்மா," என்று எனக்காகவும் சேர்த்துப் பதில் சொன்னார். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. பழத்தின் பாரமா, வண்டியின் வயதா, தெரியவில்லை. நானும் அருணும் இறங்கித் தள்ளினோம். அவன் கம்பிக்காலை இழுத்து இழுத்துத் தள்ளினான். அக்கா பின்பக்கச் சாக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை.

இந்த முறை வயல் வழி இல்லை. ஆட்டோ போகும் சாலை லலிதா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது.

கோயில் சின்னதுதான். முன்மண்டபத்தின் உத்திரத்தில் சங்கிலி போட்டுப் பெரிய தராசு தொங்கியது. லலிதாவின் குலைகளை ஒரு பக்கம் அடுக்கி வைத்திருந்தார்கள். வெடி இல்லை, நாதஸ்வரமும் இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாளாம். போத்தி இளைஞர். ஆள் வந்திருக்கிறது என்றதும் அவருக்குப் பாதி நிம்மதி. உயிருள்ள ஆள் தட்டில் இருந்தால் யார் பெயரைச் சொன்னால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது போலிருந்தது.

அருண் சட்டையைக் கழற்றிவிட்டு லலிதாவின் முன்னால் போய் நின்றான்.  அவள் அவன் தோளைப் பிடித்துத் தட்டில் உட்காரவைத்தாள். கால் மடங்கவில்லை, நீட்டியபடி உட்கார்ந்தான். அக்கா உள்ளே வரவில்லை. கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

லலிதா ஒவ்வொரு சீப்பாக அடுத்த தட்டில் வைத்தாள். தட்டு நிறைந்தது. இருந்த பழம் முழுவதும் வைத்தாயிற்று. அருண் இருந்த தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

லலிதா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "எனக்க விஷ்ணு இத்தர கனம் இல்லியே," என்றாள். யாரிடமும் இல்லை, சும்மா சொன்னாள். அவள் தன் மகனின் எடைக்குத்தான் பழம் எடுத்திருந்தாள். விஷ்ணு ஒல்லியான பையன்.

போத்தி கையைப் பிசைந்தார். கடையில் போய் எடுத்து வருவதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிடும் என்றார். அருண் தட்டிலிருந்து இறங்கப் பார்த்தான். லலிதா இறங்க விடவில்லை.  நான் கொடிமரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்காவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

அக்கா ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, சாக்கை உள்ளே கொண்டுவரச் சொன்னாள். அவளே அதன் வாயை அவிழ்த்தாள். ஒரு சீப்பை எடுத்து லலிதாவின் பழத்தின் மேல் வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. தட்டு தாழ்ந்து, அருணின் கால் தரையை விட்டு எழும்பியது. தராசு மெல்ல ஆடி நின்றது.

"பேரு? நாளு?" என்றார் போத்தி. யாருடைய நேர்ச்சையோ அவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் பூசை செய்ய வேண்டும். லலிதா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. 

"விஷ்ணு. பூரட்டாதி," என்றாள் அக்கா.

போத்தி தயங்கினார். "அம்மா, உங்களுக்க பழமும் இதில கூடிப்போச்சே. உங்க நேர்ச்ச இதில தீராது கேட்டேளா. அதுக்கு வேற இருத்தணும்."

"தெரியும். நீரு பேரு சொல்லும்."

"மகன் நாளைக்குப் போறாருல்லா? பின்ன எப்ப..."

"அது நானும் அவளும் பாத்துக்கிடுவோம். பேரு சொல்லும்."

அக்காவின் பயம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. அருண் தட்டில் இருந்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. போத்தி விஷ்ணுவின் பெயரைச் சொன்னார், பூரட்டாதி என்று சொன்னார், மணியை அடித்தார்.

எல்லாம் முடிந்ததும் லலிதா நடைக்கு நேரே போனாள். கை கூப்பவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, சந்நிதியை நேராகப் பார்த்து நின்றாள்.

"நான் தந்தாச்சு," என்றாள். இப்போது குரல் தெளிவாக வந்தது. "சொன்னதை சொன்னபடி தந்தாச்சு. ஒரு பழம் குறைவில்ல. இனி நீ சொல்லு. என்னத்துக்கு எடுத்த?"

 உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் இந்தக் கேள்வியை எத்தனையோ கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். விடை கிடையாது என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தும் அந்த நிமிடம் நானும் உள்ளே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காது கொடுத்துக்கொண்டுதான் நின்றேன்.

நடை சாத்தும் நேரம் ஆயிற்று. லலிதா நகரவில்லை. போத்தி சாவியோடு வந்து பக்கத்தில் நின்றார். அப்போது அக்கா போய் லலிதாவின் தோளோடு தோள் சேர்ந்து நின்றாள். அந்தப் பெஞ்சில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். லலிதா திரும்பி, "நீ என்னத்துக்கு செண்பகம்? உனக்குத்தான் தந்தாளே," என்றாள்.

அக்கா சந்நிதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் கேக்கணும்," என்றாள். "எனக்கு என்னத்துக்கு தந்தாளுன்னு."

போத்தி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.